இடப்பக்கம் இழுக்கும் வண்டி

நேரான சாலையில் ஸ்டியரிங்கின் மேலிருந்த பிடியை லேசாகத் தளர்த்தினால் போதும், வண்டி இடப்பக்கம் நகர்ந்தது. பழைய வண்டி என்றால் ஒரு பக்கம் இழுக்கத்தான் செய்யும், அது அவளுக்கும் தெரியும். ஆனால் அந்த இழுப்பு ஒரே சீராக இருக்க வேண்டும் அல்லவா? இது அப்படி இல்லை. கொஞ்ச தூரம் ஒழுங்காகப் போகும். பிறகு, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எதையோ பார்க்க ஜன்னல் பக்கம் சாய்ந்த மாதிரி மெல்ல ஒரு சாய்வு. பார்த்து முடித்ததும் மறுபடி நேராகிவிடும். பக்கத்து சீட்டில் யாரும் இல்லை. அவள் எப்போதும் தனியாகத்தான் போனாள்.

வண்டியைக் கொடுத்தது அக்கா. அம்மா போனபிறகு அவளுக்குத் தலை பின்னிவிட்டு, பள்ளிக்கூடத்துக்குச் சோறு கட்டிக் கொடுத்து, காய்ச்சல் வந்தால் நெற்றியில் ஈரத்துணி போட்டு வளர்த்தவள் அந்த அக்காதான். பிறகு அக்கா டீச்சரானாள், கல்யாணமானாள், ஒரு பெண்ணும் ஒரு பையனும் பிறந்தார்கள். தங்கை ஆஸ்பத்திரியில் காது பரிசோதிக்கும் வேலைக்குப் போனாள், கல்யாணம் அமையவில்லை, அமையாததைப் பற்றி ஊரார்தான் அவளைவிட அதிகமாகக் கவலைப்பட்டார்கள். "எத்தனை நாளைக்குடி பஸ்ல தொங்கிட்டுப் போவ? நான் புதுசா ஒண்ணு எடுக்கப் போறேன், இதை நீ வச்சுக்கோ" என்று ஒருநாள் அக்கா வண்டிச் சாவியைத் தங்கையின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள். மூடிவிட்டுக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். தேம்பித் தேம்பி, தோள் நனையும் அளவுக்கு. ஒரு பழைய காருக்கு இவ்வளவு அழுகையா என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. என்மேல் இத்தனை பாசம் வைத்திருக்க இந்த உலகத்தில் ஒரு ஆள் இருக்கிறாளே என்று அன்றைக்கு நெடுநேரம் நெஞ்சு நிறைந்து கிடந்தாள்.

இழுப்பு இரண்டாம் வாரத்தில் தொடங்கியது. ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒர்க்ஷாப் வைத்திருந்த மெக்கானிக் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கிக் காட்டினார்.

"ஆட்டம் இருக்கு பாருங்க மேடம். வயசான வண்டிக்கு முன்னங்கால் வலி வராம இருக்குமா? டை ராடு போயிருக்கு, பால் ஜாயிண்ட் போயிருக்கு, புஷ்ஷெல்லாம் பிஸ்கட் மாதிரி உதிருது."

எல்லாவற்றையும் மாற்றினார். தானே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, கையை விட்டே ஓட்டினேன், அம்பு மாதிரி போகுது என்று சாவியை நீட்டினார். அவள் ஏறி முதல் சிக்னல் தாண்டும்வரை அம்பு மாதிரிதான் போனது. அதன்பிறகு அந்தச் சாய்வு வந்தது. அடுத்த தடவை ஷாக் அப்சார்பரை மாற்றினார். மறுபடி அவர் ஓட்டினால் நேர், அவள் ஓட்டினால் கோணல். மூன்றாவது தடவை போனபோது அவர் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. வண்டியில ஒண்ணும் இல்ல. நீங்க ஸ்டியரிங்கைப் பிடிக்கிற விதம் அப்படி."

அவமானமாக இருந்தது. ஆனால் சத்தம் கேட்டால் விரலைத் தூக்கச் சொல்லும் காதுப் பரிசோதனையில், நல்ல காது உள்ளவர்களும் ஒலிக்காத சத்தத்துக்கு விரலைத் தூக்குவதைத் தினமும் பார்க்கிறவள் அவள். கண்ணாடி அறைக்குள் ஹெட்ஃபோன் மாட்டி உட்கார்ந்திருக்கும்போது இல்லாத ஒலி யாருக்கும் கேட்கும். நமக்கும் அப்படித்தான் போல என்று தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மதியச் சாப்பாட்டை அவள் வண்டியில் உட்கார்ந்துதான் சாப்பிடுவாள். ஆஸ்பத்திரி கார் நிறுத்தத்தில் அந்த நேரத்துக்கு ஒரு அமைதி இருக்கும். தூரத்தில் ஜெனரேட்டரின் உறுமலும், தகரக் கூரைமேல் காக்கை நடக்கும் சத்தமும், வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் நெளியும் மெல்லிய சொடுக்குகளும் தவிர வேறெதுவும் கேட்காது. எஞ்சின் நின்றிருந்தது. வண்டி அசையவில்லை. சோற்றுக் கிண்ணத்தை மூடும்போது முன்பக்கத்து இடது ஸ்பிரிங் முனகியது. அந்த முனகல் நீளமாக, இறுக்கமாக, கீழ்நோக்கிப் போனது. கனத்தை இறக்கிவைத்தால் ஸ்பிரிங் அப்படிச் சத்தம் போடாது. கனத்தை ஏற்றினால்தான் போடும். அவள் காது அதை நூறு பேர் நடுவிலும் பிரித்துச் சொல்லும்.

அதோடு ஒரு வாசனையும் வந்தது. காயாமல் மடித்து வைத்த துணியின் ஈர வாசனை. மழை பெய்து பல நாளாகியிருந்தது.

அன்று சாயங்காலம் அக்காவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, வண்டி இழுக்குதுக்கா. என்ன பண்ணியும் நிக்க மாட்டேங்குது."

அந்தப் பக்கம் அக்கா குழாயை மூடுவது கேட்டது.

"டயர்ல காத்து பாத்தியா?"

"எல்லாம் பாத்தாச்சு."

"பழைய வண்டிடி, அப்படித்தான் இருக்கும். பழகிக்கோ. அப்புறம்... பக்கத்துல யாரையும் ஏத்தாத. கூட வேலை செய்றவங்க, நர்ஸுங்க, யாரா இருந்தாலும். தனியா இருக்கிற பொண்ணு, கண்டவங்களை ஏத்திட்டுச் சுத்தக் கூடாது."

என்ன ஒரு அக்கறை என்று நினைத்துக்கொண்டாள். அப்படித்தான் அவள் நினைத்தாள். அக்கா என்ன சொன்னாலும் அதைப் பாசம் என்ற பெட்டிக்குள் போட்டு மூடுவது சின்ன வயதிலிருந்தே வந்த பழக்கம். சாவி கைமாறியதிலிருந்து அக்கா ஒருதடவைகூட அந்த வண்டியில் ஏறவில்லை என்பதும், கூப்பிட்டால் நீ போ, நான் பின்னாடி வரேன் என்று நழுவுகிறாள் என்பதும் அந்தப் பெட்டிக்குள் பொருந்தவில்லை. பொருந்தாததைப் பற்றி யோசிக்காமல் இருக்கவும் அவளுக்குத் தெரியும்.

கடைசியில் மெக்கானிக்கே மனம் கேளாமல் ஒரு வழி சொன்னார். ஊருக்கு வெளியே சக்கரங்களை நேர்படுத்தும் ஆள் ஒருவர் இருக்கிறார், அவரிடம் காட்டிவிடுங்கள் என்றார். அவரை எல்லாரும் நூலண்ணன் என்றுதான் கூப்பிட்டார்கள். கம்ப்யூட்டர் மெஷின் வாங்கி வைத்திருந்தும் அதன்மேல் சட்டையைக் காயப்போட்டுவிட்டு, வண்டியின் இரண்டு பக்கமும் ஸ்டாண்டு நட்டு, நீளவாக்கில் நூல் கட்டி, நூலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஸ்கேல் வைத்து அளக்கிறவர். வாய் ஓயாத மனிதர். விடுமுறை நாளில் மத்தியானம் அவள் போய்ச் சேர்ந்தபோது வானம் கறுத்து, கொட்டகைக்குள் மாலைபோல இருட்டிக் கிடந்தது. கிரீஸும் ரப்பரும் ஈர மண்ணும் கலந்த வாசனை.

வண்டியைப் பார்த்ததும் நூலண்ணனின் பேச்சு பாதியில் நின்றது.

"இது டீச்சரம்மா வண்டியாச்சே?"

"அவங்க தங்கச்சி நான். எனக்குக் குடுத்துட்டாங்க."

"ஓ." தலையைச் சொறிந்துகொண்டார். "அப்போ மூட்டை வச்சுப் பாக்கணுமா, வெறுமனே பாத்தா போதுமா?"

அவளுக்குப் புரியவில்லை. அவர் மூலையில் கிடந்த மணல் மூட்டைகளைக் காட்டினார். வண்டியில் ஆள் ஏறினால் ஸ்பிரிங் அமுங்கும், அமுங்கினால் சக்கரத்தின் கோணம் மாறும். அதனால் வழக்கமாக யார் யார் உட்காருவார்கள் என்று கேட்டு, அந்தந்த சீட்டில் அந்தக் கனத்துக்கு மணல் மூட்டை வைத்துவிட்டுத்தான் நூல் பிடிப்பாராம். தனியாக ஓட்டுகிறவர்களுக்கு வலப்பக்கம் மட்டும். குடும்பஸ்தர்களுக்கு எல்லா சீட்டிலும்.

"டீச்சரம்மா எப்பவும் தனியாத்தான் வருவாங்க. ஆனா இடப்பக்க சீட்டுல மூட்டை வைங்கன்னு சொல்வாங்க. ஒரு மூட்டை வச்சா பத்தாது, இன்னொண்ணு, அதுக்கு மேல இன்னொண்ணு. யாருங்கம்மா அவ்ளோ கனமா கூட வர்றதுன்னு நான் கிண்டல் பண்ணிக் கேட்டேன். அவங்க சிரிக்கல."

"எப்ப?"

"போன வருஷம் பூரா. கடைசியா உங்களுக்குக் குடுக்கிறதுக்கு முன்னாடி வந்தாங்க. தங்கச்சி தனியாத்தான் ஓட்டுவா, மூட்டையெல்லாம் எடுத்துட்டு வெறும் வண்டிக்கு நூல் பிடிச்சுக் குடுங்க, ஓட்டிப் பாத்தா வித்தியாசம் தெரியக் கூடாதுன்னாங்க."

வித்தியாசம் தெரியக் கூடாது. அந்த வார்த்தையை அவள் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

நூலண்ணன் நூலைக் கட்டினார். அவளை ஸ்டியரிங் முன்னால் உட்காரவைத்து, நேராகப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருக்கச் சொன்னார். தானே இடப்பக்கத் தரையில் குப்புறப் படுத்து ஸ்கேலை வைத்தார். எதிர்ச் சுவரோரம் சாய்த்திருந்த கண்ணாடியில் இடப்பக்கத்து வெள்ளை நூல் அவள் கண்ணுக்குத் தெரிந்தது. சக்கரத்துக்கு வெளியே ஒரு விரற்கடை தள்ளி, மழைக்கு முந்தைய காற்றில்கூட நடுங்காமல், விறைப்பாக நின்றது. கொட்டகையின் தகரத்தில் முதல் துளிகள் விழத் தொடங்கின. அவர் ஏதோ பழைய பாட்டை மூக்கால் முனகிக்கொண்டிருந்தார்.

இடது ஸ்பிரிங் முனகியது.

நீளமாக. இறுக்கமாக. கீழ்நோக்கி.

பாட்டு நின்றது. அந்த ஈரத்துணி வாசனை அவளுக்கு மிகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. டயர் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே பிதுங்கி வந்து நூலைத் தொட்டது. தொட்டதும் நூல் அதிர்ந்தது. மிக மெல்லிய ஒரு ஒலி, கண்ணாடி அறையில் கடைசியாக ஒலிக்கவிடும் சத்தத்தைவிட மெல்லியது. பெரும்பாலானவர்கள் அதற்கு விரலைத் தூக்க மாட்டார்கள்.

"அம்மா," என்றார் அவர் தரையிலிருந்தே. குரல் மாறியிருந்தது. "பக்கத்துல யாரையாவது உக்கார வச்சிருக்கீங்களா?"

"இல்ல."

அவர் எழுந்தார். இடப்பக்க ஜன்னல் அவர் முகத்துக்கு நேராக இருந்தது. அவர் உள்ளே பார்க்கவில்லை. வேண்டுமென்றே முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, நூலை அவசரமாகச் சுருட்டினார், சிக்கு விழுந்ததைக்கூடப் பிரிக்கவில்லை.

"எடுத்துட்டுப் போயிடுங்கம்மா. எனக்கும் புள்ளைகுட்டி இருக்கு. கேக்கிறதை டீச்சரம்மாகிட்ட கேளுங்க."

அக்கா வீட்டுக்கு அரைமணி நேர வழி. மழை பிடித்துக்கொண்டது. வைப்பர் கண்ணாடியைத் தேய்க்கும் சத்தம், கூரையில் துளிகள், சக்கரம் தண்ணீரைப் பிளக்கும் சத்தம். இவற்றுக்குக் கீழே, ஒரு குழியில் ஏறி இறங்கும்போதெல்லாம், வண்டி குலுங்கி அடங்கியதற்குப் பிறகு, இடப்பக்கம் மட்டும் இன்னொரு சின்னக் குலுங்கல். தாமதமாக. உடம்பு இருக்கும் ஒருவர் சீட்டில் குலுங்கி அடங்கினால் எப்படி இருக்கும், அப்படி. இடப்பக்கம் திரும்பக் கூடாது. கண்ணாடியில் பார்க்கக் கூடாது. சாலை. சாலை மட்டும். ஸ்டியரிங் மெல்ல இழுத்தது. அவள் திருப்பினாள். மறுபடி இழுத்தது, சேலைத் தலைப்பைப் பிடித்து இழுக்கும் குழந்தை மாதிரி, கோபமில்லாமல், விடாமல்.

பயத்தைவிடப் பெரிதாக வேறொன்று நெஞ்சில் ஏறிக்கொண்டிருந்தது. அக்காவுக்குத் தெரியும். அக்காவுக்குத் தெரியும். தெரிந்தே விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிச் சாவியை மூடினாள்.

அக்கா சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நனைந்த முகத்தோடு தங்கை வாசற்படியில் நிற்பதைப் பார்த்ததும், என்ன ஏது என்று கேட்கவில்லை. கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். அதுவே பதிலாக இருந்தது.

"யாருக்கா அது?"

"தெரியாதுடி."

"எப்பலேருந்து?"

அக்கா ஹால் பக்கம் எட்டிப் பார்த்தாள். பிள்ளைகள் இருவரும் உள்ளறையில் இருந்தார்கள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஒருநாள் மழையில ரோட்டோரம் யாரோ கை காட்டினாங்க. பாவமேன்னு நிறுத்தினேன். கதவு திறந்துச்சு. சீட்டு அமுங்குச்சு. கதவு மூடுச்சு. திரும்பிப் பாத்தா யாரும் இல்ல. அன்னையிலேருந்து நான் ஏறினா அதுவும் ஏறும்."

"வித்திருக்கலாம்ல? கொளுத்தியிருக்கலாம்ல?"

"கொளுத்திட்டா அது எங்க போய் உக்காரும்? இந்த வீட்டுக்குள்ள வந்துட்டா? ஒருத்தருக்கு வித்தும் பாத்தேன். வண்டி போச்சு, அது போகல. ராத்திரி சோபா அமுங்குச்சுடி. மறுநாளே வண்டியைத் திரும்ப வாங்கிட்டேன்." அக்கா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "அப்புறம்தான் தோணுச்சு. நம்ம ரத்தமா ஒருத்தர் ஆசையா வாங்கிக்கிட்டா போகுமோன்னு. நீ வாங்கிட்டுப் போன அன்னைக்கு நான் சோபா பக்கத்துலயே விடிய விடிய உக்காந்திருந்தேன். அமுங்கல."

"அதுக்கா என்னைக் கட்டிப்பிடிச்சு அழுத?"

அக்கா கீழே வைத்த தட்டை எடுத்து மறுபடி கழுவத் தொடங்கினாள்.

"நான் நினைச்சேன்..." நினைத்ததை இப்போது சொன்னால் அசிங்கமாக இருக்கும். "என் தலையில கட்டிட்டியேக்கா. யாரும் இல்லாதவன்னு என் தலையில கட்டிட்டியே."

"பொண்ணுக்கு எப்பவும் முன்சீட்டுதான் வேணும்னு அடம், அவ தம்பியும் அப்படியே," என்றாள் அக்கா. குரல் உடைந்தது, ஆனால் பின்வாங்கவில்லை. "அதும் மேலயே போய் உக்காந்துட்டா என்னடி பண்றது? நான் தாய். உன் பக்கத்து சீட்டுல வந்து உக்கார யாரு இருக்கா, சொல்லு? அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகும்னு நினைச்சேன்."

முகத்தில் அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. அவள் திரும்பி நடந்தாள். செருப்பைக்கூடச் சரியாக மாட்டவில்லை. மழையில் கேட்டைத் திறந்து, வண்டியில் ஏறி, சாவியைத் திருப்பினாள். கண்ணில் தண்ணீர் நிறைந்து முன்கண்ணாடி தெரியவில்லை. எங்கே போவது? எங்கே போனாலும் கூடவே வரும். இனி சாகும்வரை அவளோடு சேர்ந்து உட்கார ஒரு ஆள் கிடைத்துவிட்டது.

இடது ஸ்பிரிங் முனகி அமுங்கியது.

"சித்தி! சித்தி, நில்லு!"

அக்காவின் பெண். பன்னிரண்டு வயது. நனையாமலிருக்கப் புத்தகப் பையைத் தலைமேல் பிடித்துக்கொண்டு குதித்துக் குதித்து ஓடிவந்தாள்.

"அம்மாகிட்ட சொல்லாம ஓடி வந்துட்டேன். டியூஷன்ல விட்டுடு சித்தி, ப்ளீஸ்."

இடப்பக்கக் கதவின் கைப்பிடியில் அந்தச் சின்னக் கை விழுந்தது.

ஏறாதே என்று சொல்ல நேரம் இருந்தது. பூட்டை அழுத்தவும் நேரம் இருந்தது. வீட்டு ஜன்னலில் அக்காவின் முகம் தெரிந்தது, வாய் திறந்திருந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தான் பட்டதை அவளும் படட்டும், ஒரே ஒரு நொடி, ஒரு நொடிதான் என்று நினைத்தாள். சொல்லவில்லை.

கதவு திறந்தது. பெண் ஏறி உட்கார்ந்தாள். கதவு மூடியது. ஸ்பிரிங் சத்தம் போடவில்லை.

வண்டி நகர்ந்தது. கிளட்சிலிருந்து காலை எப்போது எடுத்தாள், கியரை எப்போது மாற்றினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பின்கண்ணாடியில் அக்கா வெறுங்காலோடு மழையில் ஓடிவந்தாள், தடுக்கி விழுந்தாள், எழுந்தாள். தெருமுனை. பெரிய சாலை. ஸ்டியரிங்கின் மேலிருந்த அவள் பிடி தளர்ந்தது.

வண்டி நேராகப் போனது.

இழுக்கவில்லை. சாயவில்லை. முதல்முறையாக, அம்பு மாதிரி.

"சித்தி, சீட்டு ஏன் இவ்ளோ சூடா இருக்கு?" என்றாள் பெண். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.

"இறங்கு." பிரேக்கை மிதித்தாள். வண்டி நின்றது. "கண்ணு, இறங்குடா. உடனே இறங்கு."

"ஏன்?"

"இறங்குன்னா இறங்கு!"

மழை கூரையில் அடித்துக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே துணி உரசும் சத்தம். கொக்கி மாட்டிக்கொள்ளும் ஒரு சொடுக்கு. பெண்ணின் மூச்சு குட்டையாக, வேகமாக.

"சித்தி... எந்திரிக்க முடியல."

அவள் இடப்பக்கம் திரும்பினாள். வண்டி கிளம்பியதிலிருந்து முதல்முறை.

பெண்ணின் இரண்டு கைகளும் உடம்போடு ஒட்டிக் கிடந்தன. அவள் முதுகு சீட்டில் படவில்லை. சீட்டுக்கும் அவளுக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி இருந்தது, அந்தரத்தில் உட்கார்ந்திருந்தாள். கால்கள் தரைக்கு எட்டவில்லை. சீட் பெல்ட் முழுதாக வெளியே இழுபட்டு அவளைச் சுற்றி வளைந்திருந்தது. ஆனால் அது அவள் உடம்பைத் தொடவில்லை. இரண்டு பக்கமும் அகன்று, வெற்று இடத்தின்மேல் விறைப்பாகப் படிந்து நின்றது, பருத்த ஆள் ஒருவர் அவளை மடியில் வைத்துக்கொண்டு இருவருக்குமாகப் பெல்ட் போட்டதுபோல. பெல்ட் மெதுவாக உயர்ந்தது. மெதுவாகத் தாழ்ந்தது. மறுபடி உயர்ந்தது, நிம்மதியாக மூச்சு விடும் வயிற்றின்மேல் கிடக்கிற மாதிரி.